ஒளிக் கலை விழாவுக்கு இருட்டும் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தெருக்களிலும் கட்டடங்களிலும் ஒளியாலேயே படைப்புகளை அமைத்து நகரங்களில் நடத்தும் ஒளிக் கலை விழாக்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். எத்தனை படைப்புகள், எத்தனை புரொஜெக்டர்கள், எவ்வளவு கூட்டம் என்று எல்லாம் விரிவாக இருந்தது. இருட்டைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. அந்தக் குறைக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் 20 வருடங்களுக்கு மேல் நாடகங்களுக்கு ஒளியமைப்பு செய்தவன். எங்கள் தொழிலில் விளக்கைத் தொடுவதற்கு முன்பே ஒரு வேலை உண்டு: அரங்கத்தை இருட்டாக்குவது. கதவிடுக்கில் கசியும் வெளிச்சம், ஒலி இயக்குபவரின் மேசை விளக்கு, ஜன்னல் ஓரத்துக் கீற்று, ஒவ்வொன்றையும் கறுப்புத் துணியால் அடைத்த பிறகுதான் விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரில் கை வைப்போம். அப்படி இருட்டான மேடையில் ஒரே ஒரு சின்ன விளக்கைக் கால்வாசி ஏற்றினால் போதும், பார்ப்பவர்கள் அத்தனை பேரும் அங்கே திரும்புவார்கள். அதே விளக்கை வெளிச்சமான அறையில் முழுசாக ஏற்றினாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு விழாவுக்குப் போயிருந்தேன். ஆற்றோர மரம் ஒன்றிலிருந்து மெல்லிய கண்ணாடி இழைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். வெளிச்சம் மெதுவாக ஏறி, ஒரு கணம் நின்று, இறங்கும். தூங்குகிறவர் மூச்சுவிடுவதுபோல. ஆனால் பத்தடி தள்ளி ஒரு தெருவிளக்கு வெள்ளை வெளேரென்று எரிந்தது, எதிரே ஒரு விளம்பரத் திரை நிறம் மாறிக்கொண்டே இருந்தது. வந்தவர்கள் நின்ற வேகத்திலேயே நகர்ந்தார்கள். அந்தப் படைப்பைச் செய்த பெண், கையைத் தூக்கித் தெருவிளக்கை மறைத்துக்கொண்டு, "இப்படி வைத்துப் பாருங்கள்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் அப்படிக் கையை வைத்துப் பார்த்தேன். அப்போதுதான் மரம் மூச்சுவிட்டது. அந்த ஒரு தெருவிளக்கை நான்கு இரவுகள் அணைத்து வைக்க யாருக்கும் தோன்றவில்லையே என்று இன்றும் எனக்கு வருத்தம்.

இந்த விழாக்களில் புகழ்பெற்ற ஒன்றின் வரலாறே இருட்டில்தான் தொடங்குகிறது. பிரான்சின் லியோன் நகரில் 1852 டிசம்பர் 8 அன்று, குன்றின் மேல் மரியன்னை சிலையைத் திறந்து வைக்க வாணவேடிக்கையோடு ஏற்பாடு செய்திருந்தார்கள். புயல் வந்து எல்லாவற்றையும் கலைத்தது. பிறகு வானம் தெளிந்ததும் மக்கள் தாங்களாகவே ஜன்னலோரங்களில் மெழுகு விளக்குகளை ஏற்றி வைத்தார்கள். மின்விளக்கு இல்லாத காலம் அது. அந்தச் சின்னச் சுடர்கள் ஊரையே நிறைத்தன. இன்று லியோனின் விழா உலகம் அறிந்தது. ஆனாலும் 2015ல், பாரிஸ் பயங்கரவாதத் தாக்குதல்களுக்குப் பின், பெரிய காட்சிகளையெல்லாம் நிறுத்திவிட்டு ஜன்னல் விளக்குகளை ஏற்றித்தான் இறந்தவர்களுக்கு அஞ்சலி செலுத்தினார்கள்.

ஆஸ்திரேலியாவில் உலுரு பாறைக்கு அருகே 2016ல் ஒளிக் கலைஞர் புரூஸ் மன்ரோ 50,000 விளக்குத் தண்டுகளை நட்டார். ஒவ்வொன்றின் வெளிச்சமும் மிக மெலிது. சுற்றிலும் பாலைவன இருட்டு இருப்பதால்தான் அது எடுபடுகிறது. அதே தண்டுகளைக் கடைவீதியில் நட்டால் யார் கண்ணில் படும்?

நகரத்தில் பாலைவன இருட்டு கிடைக்காது, சரி. ஆனால் கொஞ்சம் இருட்டை உண்டாக்கலாம். நம் கண்ணில் மங்கிய ஒளியைப் பார்க்க உதவும் செல்கள் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். அவ்வளவு நேரம் யாரையும் காக்க வைக்க முடியாது. முதல் சில நிமிடங்களிலேயே கணிசமான மாற்றம் வந்துவிடும் என்பதால், ஒரு படைப்பிலிருந்து அடுத்ததற்குப் போகும் வழியை மங்கலாக வைத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். இப்போதோ வழி நெடுகத் தோரண விளக்கு. அப்புறம் அடுத்த படைப்பு மங்கலாகத் தெரிகிறது என்று அதன் வெளிச்சத்தைக் கூட்டுகிறார்கள். அதைப் பார்த்துப் பக்கத்துப் படைப்புக்காரரும் கூட்டுகிறார். கடைசியில் வெளிச்சத்தால் சத்தம் போடுகிற படைப்புகளே மிஞ்சுகின்றன.

இருட்டு என்றால் பாதுகாப்பு என்னாவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, குறிப்பாகப் பெண்களும் முதியவர்களும் வரும் இடத்தில். என் அனுபவத்தில் கால் இடறுவது பெரும்பாலும் கண்கூசும் விளக்குக்குப் பக்கத்தில்தான். கூசிய கண்ணுக்கு அதை ஒட்டிய படிக்கட்டு தெரியாது. முழங்கால் உயரத்தில், தரையை மட்டும் பார்க்கிற மஞ்சள் விளக்குகளைச் சீராக வைத்தால் படியும் தெரியும், எதிரே வருகிறவரும் தெரிவார். மேடையின் பின்புறத்தில் நடிகர்கள் ஓடி வருவதற்கு நாங்கள் செய்வது இதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நியூயார்க்கில் 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் இறந்தவர்களின் நினைவாக ஆண்டுதோறும் 88 விளக்குகளைக் கொண்டு, ஒவ்வொன்றும் 7,000 வாட், இரண்டு ஒளித்தூண்களை வானத்தில் எழுப்புகிறார்கள். வலசை போகும் பறவைகள் அந்த ஒளியில் சிக்கி வட்டமடிக்கின்றன. ஏழு ஆண்டுகளில் ஏழே இரவுகளில் சுமார் 11 லட்சம் பறவைகள் பாதிக்கப்பட்டதாக 2017ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஆனால் விளக்கை அணைத்ததுமே பறவைகள் கலைந்து தங்கள் வழியில் போய்விட்டன. அங்கே ஆட்கள் நின்று எண்ணுகிறார்கள், ஆயிரத்தைத் தாண்டினால் 20 நிமிடம் அணைக்கிறார்கள். ஒரு நினைவஞ்சலியையே பறவைகளுக்காக 20 நிமிடம் நிறுத்த முடியும் என்றால், ஒரு கலை விழாவில் இரவு 11 மணிக்கு எல்லாவற்றையும் அணைப்பதா பெரிய விஷயம்? மரத்தில் கூடு கட்டியவை தூங்கட்டும். எதிர்வீட்டுக் குழந்தையும் தூங்கட்டும்.

ஏற்கெனவே நம் தலைக்கு மேல் இருட்டு குறைந்துகொண்டு வருகிறது. 2011 முதல் 2022 வரை மக்கள் வெறும் கண்ணால் நட்சத்திரங்களைப் பார்த்து அனுப்பிய பதிவுகளைக் கொண்டு செய்த ஓர் ஆய்வு, இரவு வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 விழுக்காடு ஏறியதாகச் சொல்கிறது. எட்டு வருடத்துக்குள் இரண்டு மடங்கு ஆகிற வேகம் அது. ஒளியைக் கொண்டாடுகிற விழாவே அந்தச் சில இரவுகளிலாவது ஊரின் வீண் வெளிச்சத்தை அணைத்துக் காட்டினால், வந்தவர்கள் படைப்புகளோடு சேர்த்து நட்சத்திரங்களையும் பார்த்துவிட்டுப் போவார்கள். எனக்கு இந்த விழாக்கள் மேல் அவ்வளவு ஆசை இருக்கிறது. டிக்கெட் இல்லாமல், யாரென்று கேட்காமல், தெருவில் போகிற எவரையும் நிறுத்திப் பார்க்க வைக்கிற கலை வேறு எத்தனை இருக்கிறது?

அடுத்த முறை இப்படி ஒரு விழாவைப் பற்றி எழுதும்போது, எந்தெந்தத் தெருவிளக்குகளையும் விளம்பரத் திரைகளையும் அணைக்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள், படைப்புகள் எத்தனை மணிக்கு அணையும் என்ற இரண்டையும் அமைப்பாளர்களிடம் கேட்டு வெளியிடுங்கள் என்று வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மேடை ஒளியமைப்பாளரான உங்கள் வாசகர்