நன்றிப் பட்டியலில் இன்னும் ஒரு வரி: மலேசியத் தமிழ் இளங்கலைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

தொலைக்காட்சி, வானொலி, மேடை, டிக்டாக் என்று கோலாலம்பூரில் ஓடிக்கொண்டிருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் வணக்கம்.

நான் செந்தூலில் தையல் கடை வைத்திருப்பவள். உங்களில் சிலருக்கு ரவிக்கை தைத்திருக்கிறேன். யார் யாருக்கு என்று சொல்லி யாரையும் வம்பில் மாட்டிவிட மாட்டேன், பயப்பட வேண்டாம். இந்த மடலில் நான் கேட்கப்போவது ஒன்றே ஒன்று. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நீங்கள் போடும் படத்துக்குக் கீழே ஒரு நன்றிப் பட்டியல் வருமே, அதில் துணி எந்த ஊரில் எப்படி நெய்தது என்று ஒரு வரி கூடுதலாக வேண்டும்.

அந்தப் பட்டியலைக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி வரை படிக்கிறவள் நான். சேலை கொடுத்த கடை, நகையை வாடகைக்குக் கொடுத்தவர், ஒப்பனை, கூந்தல், புகைப்படம், படம் எடுத்த இடம், சில நேரம் பூச்சரம் கட்டிக் கொடுத்த அக்கா வரைக்கும் பெயர் இருக்கும். உழைத்தவர்கள், இருக்கட்டும். ஆனால் படத்தில் முக்கால்வாசி இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதே அந்த ஆறு கெஜம், அது எந்த ஊரில் நெய்தது, கைத்தறியா விசைத்தறியா, நூல் பட்டா பாலியெஸ்டரா என்று ஒரு சொல் இருக்காது. ரவிக்கை தைத்தவர் பெயரும் இருக்காது. அது என் சொந்த வருத்தம், பிறகு வருகிறேன்.

எம்மா வாட்சனை உங்களுக்குத் தெரியும். ஹாரி பாட்டர் என்ற மந்திரப் பள்ளிப் படங்களில் ஹெர்மாயினியாக வந்து, பள்ளிப் பருவத்திலேயே உலகம் முழுக்கத் தெரிந்த முகம். 2009இல், 19 வயதில், அவர் நினைத்திருந்தால் எந்தப் பெரிய நிறுவனத்துக்கும் முகமாக நின்று பணம் பார்த்திருக்கலாம். அவர் சேர்ந்தது பீப்பிள் ட்ரீ என்ற, செய்கிறவருக்கு உரிய கூலி கிடைக்கும்படி வாங்கி விற்கும் நியாய வணிக ஆடை நிறுவனத்தோடு. சஃபியா மின்னி என்ற பெண்மணி 1991இல் தோக்கியோவில் தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்த நிறுவனம் அது. எம்மா சேர்ந்து உருவாக்கிய இளைஞர் ஆடைகள் 2010இல் கடைக்கு வந்தன. அந்த வேலைக்கு அவர் ஊதியம் வாங்கவில்லை. அதே ஆண்டு வங்காளதேசத்துக்கே போனார். டாக்காவில் ஆடைத் தொழிலாளர்கள் குடியிருக்கும் சேரிகளைப் பார்த்தார். நியாய வணிக முறையில் கைத்தறியும் தையலும் நடக்கும் கிராமத்தையும் பார்த்தார். அந்த ஆண்டு கடைசியில்தான் வங்காளதேசத்து ஆடைத் தொழிலாளியின் குறைந்தபட்ச மாதச் சம்பளமே அந்நாட்டுப் பணத்தில் 3,000 டாக்காவுக்கு உயர்ந்தது. அதுவரை 1,662 டாக்கா. மூன்று ஆண்டுகள் கழித்து, 2013 ஏப்ரல் 24 அன்று, டாக்கா நகர் அருகே ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். முந்திய நாளே சுவரில் விரிசல் கண்டிருந்தது. ஆனாலும் தொழிலாளர்களை உள்ளே போகச் சொன்னார்கள்.

இரக்கம் எல்லாருக்கும் வரும். எனக்கு எம்மாவைப் பிடிப்பது அவருடைய உடுப்பினால். தையற்காரியின் கண் அங்கேதான் போகும். 2016இல் நியூயார்க்கில் நட்சத்திரங்கள் புதுப்புது உடையில் வரும் மெட் காலா விருந்துக்கு அவர் அணிந்து வந்தது பழைய பிளாஸ்டிக் பாட்டில்களை உருக்கி எடுத்த நூலில் செய்த உடை. மேலாடை, கால்சட்டை, பின்னால் விழும் நீளத் துணி எல்லாம் தனித்தனித் துண்டுகள். மறுபடி வேறு வேறு விதமாகச் சேர்த்து அணியும்படி வெட்டியிருந்தார்கள். ஒரே இரவுக்கு என்று தைக்கும் உடையில் அடுத்த தடவையையும் யோசித்து வெட்டுவது லேசான வேலை இல்லை. 2021இல் லண்டனில் ஒரு சுற்றுச்சூழல் விருது விழாவுக்கு, ஆக்ஸ்பாம் என்ற தொண்டு நிறுவனத்தின் கடைகளுக்கு வந்த பழைய கல்யாண உடைகளைப் பிரித்துத் தைத்த மேலாடையில் வந்தார். நம் வீட்டில் பாட்டியின் கூறைப்புடவையைப் பேத்திக்குப் பட்டுப்பாவாடையாக வெட்டித் தருவோமே, அதைத்தான் அங்கே சிவப்புக் கம்பளத்தில் செய்தார்கள்.

எனக்கு வேண்டிய விஷயம் இவை இரண்டுக்கும் நடுவில், 2017இல் நடந்தது. ஒரு புதுப்படத்தின் விளம்பரத்துக்காக ஊர் ஊராகப் போனபோது இன்ஸ்டாகிராமில் தனிக் கணக்குத் தொடங்கி, அன்றன்று என்ன உடுத்தினார், அந்தத் துணி எதில் செய்தது, எங்கே தைத்தது என்று படத்தோடு எழுதினார். அவ்வளவுதான். கூட்டம் போட்டுப் பேசவில்லை, யாரையும் திட்டவில்லை. லட்சக்கணக்கான பெண்கள் 'உடுப்பு எங்கே வாங்கினீர்கள்' என்று கேட்கும் இடத்தில், 'யார் செய்தது' என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

"அதே எம்மா 2020இல் கெரிங் நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் போய் உட்கார்ந்தாரே, அது பணக்காரர்கள் வாங்கும் கைப்பைக் கம்பெனி ஆயிற்றே" என்று கேட்பீர்கள். உண்மைதான். அங்கே நீடித்த வளர்ச்சிக் குழுவுக்குத் தலைமை ஏற்றார் என்று சமாதானம் சொல்வார்கள். எனக்கும் அதில் முழுத் திருப்தி இல்லை. ஆனால் அவர் எழுதிக் காட்டிய அந்த வரியை நாம் எடுத்துக்கொள்வதற்கு அது தடையா என்ன?

நியாய வணிகம் என்றதும் 'கொஞ்சம் கூட விலை கொடுப்பது' என்று நினைக்கிறோம். விலை அதில் ஒரு பகுதிதான். உலக நியாய வணிக அமைப்பின் விதிகளில் எனக்குப் பெரிதாகப் படுவது முன்பணம். கைவினைப் பொருளுக்கு ஆர்டர் கொடுக்கும்போது, கேட்டால் பாதித் தொகையை வட்டியில்லாமல் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். தறி வைத்திருக்கும் குடும்பத்துக்கு இது உயிர்நாடி. பட்டும் சரிகையும் வாங்கக் கையில் காசில்லாமல்தான் நெசவாளி முதலாளியிடம் கடன்பட்டு, பிறகு அவர் சொல்லும் கூலிக்கே நெய்துகொண்டிருக்கிறார். இந்தியாவின் 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பில் இந்த வேலையில் இருப்பவர்கள் 35 லட்சம் பேர், முக்கால்வாசிக்குச் சற்றுக் குறைவாகப் பெண்கள். நெசவுக் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டவில்லை. நம் காசில் இருநூற்றுச் சொச்சம் வெள்ளி. உங்கள் தீபாவளிப் படத்துக்கு ஒப்பனைக் கூலியே அதைவிட அதிகம்.

இப்போது நம் கடைவீதிக்கு வருவோம். மஸ்ஜிட் இந்தியா, பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் தெங்கு கிளானா, பினாங்கு லெபோ பாசார், எங்கே போனாலும் 'காஞ்சிப் பட்டு' என்று தொங்கும். உண்மையான காஞ்சிக் கோர்வைச் சேலையில், அதாவது கரையைத் தனியாக நெய்து உடலோடு கோத்த சேலையில், உடலுக்கும் இருபக்கக் கரைக்கும் தனித்தனி நாடா (ஊடு நூலை ஓட்டும் கட்டை) ஓட வேண்டும். மறுபக்கக் கரைக்குத் தறியில் இன்னொரு ஆள் துணைக்கு உட்கார வேண்டும். ஒரு சேலை முடிய நாள் கணக்கில் அல்ல, வாரக் கணக்கில் ஆகும். அப்படிப்பட்ட சேலையை யாரும் 180 வெள்ளிக்கு விற்க முடியாது. அந்த விலைக்கு வருவது பெரும்பாலும் சேலம் பக்கத்து இளம்பிள்ளையில் விசைத்தறியில் ஓடியதாகவோ, சூரத்திலிருந்து வந்த பாலியெஸ்டராகவோ இருக்கும். என் இஸ்திரிப் பெட்டிக்குத் தெரிந்துவிடும். ரவிக்கைத் துண்டின் ஓரத்து நூல் ஒன்றை உருவிக் கொளுத்தினால் பட்டு, முடி கருகிய வாடையோடு பொடியாகும். பாலியெஸ்டர் உருகி மணியாகக் கெட்டிப்படும்.

இளம்பிள்ளைச் சேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. விசைத்தறியில் இரவு முழுக்க நிற்பவரும் கூலிக்காரர்தான், அவர் ஊர்ப் பெயரும் சொல்லத் தகுந்ததே. 'சேலை: இளம்பிள்ளை, விசைத்தறி' என்று எழுதினால் அந்த ஊருக்கு மரியாதை. அதையே 'தூய காஞ்சிக் கைத்தறி' என்று நீங்கள் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டால், காஞ்சிபுரத்தில் வாரக்கணக்கில் உட்கார்ந்து நெய்தவரின் சேலை 'ஏன் இவ்வளவு விலை' என்று கடையிலேயே தங்கிவிடுகிறது. உங்களை நம்பி ஓர் அம்மா சம்பளக் காசை எண்ணிக் கொடுத்திருப்பார், அதையும் நினைத்துப் பாருங்கள்.

கடைக்காரர் முத்திரையைக் காட்டினால் எது என்று பாருங்கள். சில்க் மார்க் சொல்வது நூல் தூய பட்டு என்று மட்டும்; கையால் நெய்ததா என்று அது சொல்லாது. அதற்குக் கைத்தறி முத்திரை தனியாக இருக்கிறது, 2006இல் வந்தது. இரண்டையும் குழப்பி விற்பதும் குழம்பி வாங்குவதும் தினமும் நடக்கிறது.

தம்பிகள் தப்பித்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் போடும் டீ-சட்டையும் திருப்பூர் வழியாக வந்திருக்கலாம். நொய்யல் ஆறு சாயத்தில் ஓடியதால் 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் அங்கே சாயப் பட்டறைகளை மூடச் சொன்னது. நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்று, மூன்று வருடம் விடுதியில் இருந்து வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் தருவதாகச் சொல்லிச் சின்னப் பெண்களைக் கொண்டுவந்து அடைத்து வைத்த கதை நம் எல்லாருக்கும் தெரியும். நல்லதும் நடந்திருக்கிறது. 2022இல் திண்டுக்கல்லில் பெண் தொழிலாளர்கள் நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் ஓர் ஒப்பந்தத்தை வாங்கியது. ஆலைக்குள் பாலியல் தொல்லையைத் தடுக்க, ஆலை முதலாளியோடும் வெளிநாட்டு பிராண்டுகளோடும் போட்ட, அவர்களைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். நம் ஊர்ப் பெண்கள் சாதித்தது. இதைப் பற்றி நம் வானொலியில் அரை மணி நேரம் பேசினால் கேட்க ஆள் இருக்கிறது.

எம்மாவைப் போலச் சம்பளம் வாங்காமல் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு அந்த வயதிலேயே கையில் இருந்த பணம் வேறு. உங்களுக்கு ஸ்பான்சர் சேலையும் இரண்டாயிரம் வெள்ளியும் வந்தால்தான் அந்த மாத வாடகை ஓடும், எனக்குத் தெரியும். ஏழைக் குடும்பத்திடம் போய் 'கைத்தறிதான் கட்டு' என்று யாரும் உபதேசம் செய்யவும் வேண்டாம். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு புதுத்துணி என்று 39 வெள்ளிக் குவியலில் தேடும் தாயிடம் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் கேட்பது இலவசமாகத் துணி வாங்கி, காசும் வாங்கி, பத்தாயிரம் பேருக்குக் காட்டுகிறவர்களிடம்.

கடைக்காரருக்குக் கோபம் வருமோ என்று தயங்க வேண்டாம். 'அண்ணே, இது எந்த ஊர்த் தறி? படத்துக்குக் கீழே எழுத வேண்டும்' என்று கேட்டுப் பாருங்கள். விஷயம் தெரிந்தவர் உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசுவார். அப்படிப்பட்டவர்கள் நம் கடைவீதியில் இன்னும் இருக்கிறார்கள். ஊர் தெரியாதவர் அடுத்த கொள்முதலில் தன் மொத்த வியாபாரியைக் கேட்பார். அவர் முன்பணம் கொடுக்கிறாரா, நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்குகிறாரா என்பதெல்லாம் அதற்கு அடுத்த கேள்விகள். பதிலே வராவிட்டால் அதையும் எழுதுங்கள்: 'நெய்த ஊர்: கேட்டிருக்கிறேன்.' அந்த வரி ஒரு தடவை வந்தால் போதும், அடுத்த தடவை கடையே விவரத்தோடு வரும்.

நம் நாட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. சசிபாய் கிமிஸ் 2013இல் கோலாலம்பூரில் தொடங்கிய எர்த் எயர் (Earth Heir) நிறுவனம், கைவினைஞர்களோடு நியாய வணிக முறையில் வேலை செய்கிறது; பூர்வகுடிப் பெண்கள் பின்னுவதையும் அகதிகள் செய்வதையும் யார் செய்தது என்று சொல்லித்தான் விற்கிறார்கள். வியாழக்கிழமை பாத்தேக் (மெழுகுச் சாயத் துணி) அணியும் அரசு ஊழியர்களைக் கேளுங்கள், கிளந்தானா திரங்கானுவா, கையால் வரைந்ததா அச்சா என்று சொல்லக்கூடியவர்கள் நிறையப் பேர். சரிகை நெசவான சொங்கெட்டில் இன்னும் கறார். நாம்தான் பட்டு என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் சுருட்டிவிடுகிறோம்.

இனி என் வருத்தம். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது துணியைக் கொண்டுவந்து 'அக்கா, நாளன்னைக்கு ஷூட்டு' என்பீர்கள். அந்த ரவிக்கைக்கு நான் மட்டும் உட்காருவதில்லை. ஆரி வேலைக்கு ஒருத்தர், கொக்கி வைத்து ஃபால் அடிக்க ஒருத்தர், இரண்டு பேரும் வீட்டில் இருந்து உருப்படிக் கணக்கில் வாங்குகிறவர்கள். 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் என்ற சட்டம் யாருடைய பதிவேட்டிலும் தொழிலாளியாக இல்லாத இவர்களுக்கு எட்டாது. நீங்கள் பேரம் பேசிக் குறைக்கும் இருபது வெள்ளி அவர்கள் கூலியிலிருந்துதான் போகிறது. நியாய வணிகம் காஞ்சிபுரத்துக்கு மட்டும் என்று இருந்தால் செந்தூல் கோபித்துக்கொள்ளும்.

ஆகவே இந்தத் தீபாவளிக்குத் துணி வந்ததும் கடைக்காரரிடம் ஊரைக் கேட்டு எழுதிக்கொண்டு, ஒரு மாதம் முன்னால் கடைக்கு வாருங்கள். பட்டா இல்லையா என்று நூலைக் கொளுத்தி நானே பார்த்துச் சொல்கிறேன், அதற்குக் காசு இல்லை. ரவிக்கைக்கு உண்டு, பாதி முன்பணம்.

இப்படிக்கு,
செந்தூல் தையற்காரி