தலையில் அடிபட்ட பிள்ளை திடலுக்குத் திரும்பும் முன்: விளையாட்டுப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சுங்கை சிப்புட் வட்டார இடைநிலைப்பள்ளிகளின் விளையாட்டுப் பொறுப்பாசிரியர்களுக்கும், பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலவையினருக்கும், தோட்டக் காற்பந்துக் குழுக்களின் பயிற்றுநர்களுக்கும் வணக்கம்.

ஆட்டத்தில் தலையில் அடிபட்டு மூளையதிர்வுக்கு (அடியின் அதிர்ச்சியால் மூளையின் இயக்கம் தற்காலிகமாகத் தடுமாறும் நிலைக்கு) ஆளான பதின்ம வயதுப் பிள்ளை மீண்டும் எப்போது விளையாடலாம் என்ற முடிவை நாம் பெற்றோரிடம் விட்டுவிடுகிறோம். "உங்கள் பிள்ளை, நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்று கேட்பது மரியாதையாகத் தோன்றலாம். ஆனால் முடிவெடுக்க வேண்டிய விவரம் எதையும் அவர்களிடம் கொடுக்காமல் கேட்கும்போது, பொறுப்பை அவர்கள் தலையில் கட்டுவதாகவே அது முடிகிறது. அரசு கிளினிக்கில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள், காற்பந்து ஆடும் பேரப்பிள்ளைகளின் பாட்டி என்ற இரு நிலைகளிலும் இதை எழுதுகிறேன்.

நம் குடும்பங்கள் பெரும்பாலும் இரண்டு செய்திகளை நம்பி முடிவெடுக்கின்றன: பிள்ளை மயங்கி விழவில்லை, ஸ்கேன் நன்றாக இருக்கிறது. இரண்டுமே போதாது. மூளையதிர்வு ஏற்பட்டவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களே மயங்கி விழுகிறார்கள். ஸ்கேன் தேடுவது இரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும்தான். மூளையின் இயக்கத்தில் ஏற்பட்ட தடுமாற்றம் அதில் தெரியாது. ஒரு நாள் சம்பளத்தை விட்டு ஈப்போ வரை போய் எடுத்து வந்த படம் என்பதால் அதையே விளையாட அனுமதி என்று பெற்றோர் எண்ணுவதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. தலைவலி, தலைசுற்றல், வெளிச்சம் கூசுதல், மறதி, காரணமில்லாத எரிச்சல், தூக்கக் கோளாறு ஆகியவை ஓரிரு நாள் கழித்தும் தலைகாட்டலாம். பனடோல் என்ற வலி மாத்திரையை விழுங்கித் தலைவலி அடங்கியிருக்கும் பிள்ளையைக் குணமானவன் என்று கணக்கில் எடுக்கக் கூடாது. திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, அதிகரிக்கும் தலைவலி, கைகால் பலவீனம், இரட்டைப் பார்வை, எழுப்பினாலும் தெளியாத உறக்கம் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

விளையாட்டில் ஏற்படும் மூளையதிர்வு குறித்து 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய வல்லுநர்கள் வகுத்து, 2023-இல் வெளியான நெறிமுறை இதில் தெளிவாக இருக்கிறது. முதல் 24 முதல் 48 மணி நேரம் உடலுக்கும் மூளைக்கும் ஓய்வு. கைப்பேசியையும் குறைத்துக்கொள்ள வேண்டும். அதற்காக வாரக் கணக்கில் இருட்டறையில் படுக்க வைக்கக் கூடாது. நடை போன்ற இலேசான அசைவு குணமாவதற்கு உதவுகிறது. பிறகு மெல்லோட்டம், தனியாகப் பந்துப் பயிற்சி, மோதலில்லாக் குழுப் பயிற்சி, முழுப் பயிற்சி, ஆட்டம் என்று ஒவ்வொரு படியிலும் குறைந்தது ஒரு நாளாவது நின்று ஏற வேண்டும். தலையில் மறுபடி அடிபடக்கூடிய படிகளுக்குப் போகுமுன் அறிகுறிகள் முழுவதும் நீங்கி, மருத்துவர் ஒப்புதல் கிடைத்திருக்க வேண்டும். வகுப்பில் முழு நாளும் சிரமமின்றி அமர முடியாத பிள்ளைக்கு ஆட்டம் இன்னும் தொலைவில் இருக்கிறது. பதின்ம வயதினர் தேற ஒரு மாதம்கூட ஆகலாம். பிரிட்டனில் உயர்மட்டப் போட்டியாளரல்லாதோருக்காக 2023-இல் வெளியான வழிகாட்டி, 21 நாளுக்குள் யாரும் போட்டிக்குத் திரும்பக் கூடாது என்கிறது.

இந்தப் பொறுமைக்குக் காரணம் உண்டு. முதல் அடி ஆறுமுன் விழும் இரண்டாம் அடி, அரிதாக, இளையோரின் மூளையை வீங்கச் செய்து உயிரையே பறிக்கிறது. கனடாவின் ஒட்டாவாவில் 17 வயது ரக்பி ஆட்டக்காரி ரோவன் ஸ்ட்ரிங்கர் 2013-இல் சில நாள் இடைவெளியில் மீண்டும் மீண்டும் அடிபட்டு இறந்தார். தனக்கு மூளையதிர்வோ என்று அவரே இணையத்தில் தேடியிருக்கிறார், தோழிகளிடமும் சொல்லியிருக்கிறார். அவர் பெயரால் ஒண்டாரியோ மாநிலம் 2018-இல் சட்டம் இயற்றியது.

நம் பிள்ளைகளும் மறைக்கிறார்கள். மாவட்டக் குழுவுக்கு ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாள் நெருங்குகிறது. பொதுப் பல்கலைக்கழக நுழைவு மதிப்பீட்டில் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு உண்டு. மூன்று வாரம் உட்கார்ந்தால் இடம் போய்விடும் என்று அவர்கள் போடும் கணக்கைத் தவறென்று சொல்ல முடியவில்லை. ஆகவே என் முதன்மையான வேண்டுகோள் உங்களிடம்தான். மூளையதிர்வால் ஒதுங்கியிருக்கும் பிள்ளையின் இடம் அவன் தேறி வரும்வரை அவனுக்கே என்று பருவம் தொடங்குமுன் எழுத்தில் அறிவியுங்கள். நீர் கொடுப்பது, குறிப்பெடுப்பது போன்ற பணிகளில் அவனைக் குழுவோடு வைத்திருங்கள். இது உறுதியானால் பெற்றோர் பிள்ளையின் மூளையை மட்டுமே எண்ணி முடிவெடுக்கலாம்.

அடுத்து, தமிழிலும் மலாயிலும் ஒற்றைத் தாள் ஒன்று வேண்டும். பிள்ளையின் தூக்கத்தையும் கோபத்தையும் தாய் அறிவார். கவனச் சிதறலை ஆசிரியர் காண்பார். கால் தடுமாறுவதைப் பயிற்றுநர் காண்பார். பத்து நிமிடம் பார்க்கும் மருத்துவருக்கு இவற்றில் எதுவும் தெரிவதில்லை. மூவரும் கண்டதைக் குறித்து, முன்பு எத்தனை முறை அடிபட்டிருக்கிறது என்பதையும் சேர்த்து, அந்தத் தாளைக் கிளினிக்குக்குக் கொடுத்தனுப்பினால் மருத்துவரின் ஒப்புதலுக்குப் பொருள் இருக்கும். திடலில் அன்றைய தினமே பிள்ளையை வெளியேற்றும் அதிகாரமும் பயிற்றுநரல்லாத ஒருவரிடம் இருப்பது நல்லது. வெற்றிக்குப் பொறுப்பானவரே அதையும் செய்ய வேண்டும் என்பது அவருக்கும் சுமைதான்.

தாளின் தமிழ் வடிவத்தை எழுதித் தர நான் அணியமாக இருக்கிறேன். அடுத்த செயலவைக் கூட்டத்தில் இதைப் பொருளாக எடுத்து, எம்.எஸ்.எஸ்.டி. (மாவட்டப் பள்ளி விளையாட்டு மன்றம்) போட்டிகளுக்கு முன் உங்கள் முடிவைப் பெற்றோருக்குத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தாதி ஒருவர்,
சுங்கை சிப்புட், பேராக்