கணக்கெடுப்புக்குப் போகிற மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

குடிசைவாசிகளை மானிய வீடுகளுக்கு மாற்றும் பிரிவில் உன்னைப் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். எனக்கும்தான். பாதி ஆயுளை அதே வேலையில் கழித்தவன் என்பதால் நீ கேட்காமலேயே எழுதுகிறேன்.

உன் கையில் தரப்போகிற படிவத்தில் பெயர், வயது, எத்தனை பேர், எத்தனை வருடமாகக் குடியிருக்கிறார்கள் என்றெல்லாம் கட்டங்கள் இருக்கும். அந்தக் குடிசையால் அவர்களுக்கு என்ன வருமானம் என்பதற்குக் கட்டம் இருக்காது. நீயே ஓரத்தில் எழுதிக்கொள். வாசலில் தையல் மெஷின் போட்டிருப்பவளைத் தேடி நாலாவது மாடிக்கு யார் துணி கொண்டுவருவார்கள்? பழைய இரும்பு வாங்குகிறவர் மூட்டைகளை எங்கே அடுக்குவார்? பின்பக்க அறையை வாடகைக்கு விட்டே காலம் தள்ளும் கிழவியும் இருப்பாள். வேலைக்குப் போகிறவள் கைக்குழந்தையை யாரிடம் விடுகிறாள் என்றும் கேள். பெரும்பாலும் பக்கத்து வீட்டில்தான். புது வீடுகளைக் குலுக்கல் போட்டு ஒதுக்கினால் அந்தப் பக்கத்து வீடு வேறொரு பிளாக்கில் போய் விழும். சேர்ந்திருந்தவர்களைச் சேர்த்தே ஒதுக்கப் பெரிய செலவு ஒன்றும் இல்லை, கூட ரெண்டு நாள் உட்கார்ந்து பட்டியல் போட வேண்டும். அதற்கே சலித்துக்கொள்ளும் அதிகாரிகளை நிறையப் பார்த்தாயிற்று.

அகமதாபாத்தில் 1987-ல் குலுக்கல் முறையில் நகருக்கு வெளியே வீடு கொடுத்தார்கள். நகர மையத்திலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். 14 வருடம் கழித்து ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது, வீடு கிடைத்தவர்களில் 34 சதவீதம் பேர் குடியேறவே இல்லை. இன்னொரு 32 சதவீதம் பேர் குடியேறிவிட்டு வெளியேறியிருந்தார்கள். வீடு என்னவோ நல்ல வீடுதான். உறவும் அக்கம்பக்கமும் தூரமாகிப் போயின.

இதற்காகக் குடிசையே சொர்க்கம் என்று பேசுகிறவர்களை நம்பிவிடாதே. அவர்கள் யாரும் அங்கே ஒரு மழைக்காலம் இருந்தவர்கள் இல்லை. சிங்கப்பூரில் 1961-ல் புக்கிட் ஹோ சுவீ என்ற குடிசைப் பகுதியில் நடந்த தீ விபத்தில் சுமார் 16,000 பேர் வீடிழந்தார்கள். முந்தைய வருடம்தான் தொடங்கியிருந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அந்த இடத்திலேயே அடுக்குமாடிகளைக் கட்டியது. சிலியின் இக்கிகே நகரில் 2004-ல் சுமார் 100 குடும்பங்களுக்கு, அவர்கள் குடியிருந்த அதே நிலத்தில் பாதி வீடு கட்டிக் கொடுத்தார்கள். மீதிப் பாதியைக் கையில் காசு வரவர அவர்களே கட்டிக்கொண்டார்கள். இரண்டிலும் ஜனங்களைத் தூரத்துக்குத் துரத்தவில்லை, கவனி.

அப்புறம் மாதச் செலவு. தினக்கூலிக்காரனுக்குப் பராமரிப்புக் கட்டணம், மின்சாரம், தண்ணீர் என்று மாதம் பிறந்தால் மொத்தமாகக் கட்டுவது புதுப் பழக்கம். வாரத் தவணையில் வாங்கிக்கொள்ள ஏற்பாடு இருக்கிறதா என்று கேட்டு வை. லிஃப்ட் பழுதானால் யார் பொறுப்பு என்பதையும் சாவி கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடு.

ஒதுக்கீட்டு ஆணையில் மனைவி பெயரும் கட்டாயம் ஏறட்டும். வீட்டை விற்றுவிட்டுப் போகிறவனை நன்றி கெட்டவன் என்று ஆபீஸில் ஏசுவார்கள். தென்னாப்பிரிக்காவில் மானிய வீட்டை முதல் 8 வருடம் இஷ்டப்படி விற்கக் கூடாது என்று சட்டமே போட்டார்கள். என்ன ஆயிற்று? பத்திரம் மாற்றாமல், வாய்ப்பேச்சில் கைமாறின. வாங்கியவன் பெயரில் இன்றுவரை ஒரு காகிதம் இல்லாத வீடுகள் அங்கே உண்டு. விற்றவனைத் திட்டுவதற்கு முன், அவன் பிழைப்புக்கும் அந்த வீட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று பார்.

கணக்கெடுப்புக்குப் பகலில் போகாதே, பொழுது சாய்ந்தபின் போ. பகலில் எல்லாரும் வேலைக்குப் போயிருப்பார்கள். பூட்டிய கதவைப் பார்த்து ‘ஆள் இல்லை’ என்று குறித்துவிட்டால், பெயரை மறுபடி சேர்க்க அவன் மாதக்கணக்கில் கூலியை விட்டுவிட்டு அலைய வேண்டும். கூட வருகிறவர்கள் நேரமாகிவிட்டது என்று முனகுவார்கள், முனகட்டும்.

அம்மா தனியாக எழுதுகிறாளாம்.

அப்பா