முளைக்குச்சிக்கு முன்னால் திட்டம்: யூகான் அரசுக்கு ஒரு திறந்த மடல்

யூகானில் நிலப் பயன்பாட்டுத் திட்டங்களைப் பார்க்கும் அமைச்சர்களுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். பீல் ஆற்றுப் படுகையின் நிலத் திட்டத்தை வைத்து உங்களிடம் ஒன்று கேட்கத்தான் எழுதுகிறேன். நான் உங்கள் ஊர்க்காரன் இல்லை, டொராண்டோவில் இருக்கும் தமிழன். சில வருடங்களுக்கு முன் ஒரு கோடையில் கனடாவின் வடமேற்குக் கோடியில், உங்கள் டாசன் பக்கமிருந்து இனுவிக் வரை டெம்ஸ்டர் நெடுஞ்சாலையில் போனேன். எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் சரளைக்கல் சாலை. ஓகில்வி மலைகளைத் தாண்டி மேட்டில் ஏறி வண்டியை நிறுத்திக் கிழக்கே பார்த்தால் மலை, அதற்குப் பின்னால் இன்னும் மலை, நடுவில் ஒரு கூரையோ மின்கம்பமோ கண்ணில் படவில்லை. ஃபோர்ட் மெக்ஃபெர்சனுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டியைப் படகில் ஏற்றி ஒரு பெரிய ஆற்றைக் கடந்தோம். காலையில் நான் பார்த்த மலைகளிலிருந்து இறங்கி வரும் தண்ணீர்தான் அது, பீல் ஆறு.

ஓகில்வி, பிளாக்ஸ்டோன், ஹார்ட், விண்ட், பானெட் ப்ளூம், ஸ்நேக் என்று ஆறு ஆறுகள் சேர்ந்து பீல் ஆகி, அப்புறம் மெக்கன்சியில் கலக்கிறது. இந்தப் படுகையில் நீங்கள் திட்டமிட்ட பகுதி மட்டும் சுமார் 67,000 சதுர கிலோமீட்டர், நியூ பிரன்சுவிக் மாகாணத்தைவிடக் கொஞ்சம்தான் சின்னது. மேலே மலையில் என்ன நடந்தாலும் அது கீழே மீன் பிடிக்கும் தெட்லித் குவிச்சின் மக்களின் வலைக்கு வந்து சேரும். அவர்கள் ஊரான ஃபோர்ட் மெக்ஃபெர்சன் உங்கள் எல்லைக்குள் இல்லை, வடமேற்குப் பிரதேசத்தில் இருக்கிறது. ஆனாலும் இந்தத் திட்டத்தில் அவர்களும் ஒரு தரப்பு. அது சரியான முடிவு.

2019 ஆகஸ்டில் மேயோவில் நீங்களும் நான்கு முதற்குடி அரசுகளும் (அந்த மண்ணின் பூர்வகுடிகளின் அரசுகள்) கையெழுத்திட்ட திட்டத்தைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. படுகையில் 83 சதவீதத்துக்குப் பாதுகாப்பு, மீதி 17 சதவீதம் சுரங்கம் போன்ற வேலைகளுக்குத் திறந்த நிலம். மனதார வரவேற்கிறேன். ஆனால் அங்கே போய்ச் சேர்ந்த வழியை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. அதே வழியில் இன்னொரு முறை போய்விடாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

பீல் படுகை நிலத்தை எப்படிப் பயன்படுத்தலாம் என்று திட்டமிட 2004இல் ஆணையம் அமைத்தீர்கள். ஏழு வருடம் ஊர் ஊராகப் போய்க் கேட்டு, வரைபடம் வரைந்து, 2011இல் அது தன் இறுதிப் பரிந்துரையைத் தந்தது: 55 சதவீதத்துக்கு நிரந்தரப் பாதுகாப்பு, 25 சதவீதத்துக்கு மறுஆய்வுக்கு உட்பட்ட பாதுகாப்பு. முதற்குடி மக்கள் முழுவதையும் காக்க வேண்டும் என்றுதான் கேட்டிருந்தார்கள், அவர்களும் இறங்கி வந்திருந்தார்கள். அன்றைய அரசு என்ன செய்தது? அந்த இறுதிப் பரிந்துரைக்கு முன் ஒரு கடிதத்தில் 'இன்னும் சமநிலை வேண்டும், இன்னும் சாலை வசதி வேண்டும்' என்று பொதுவாகச் சொன்னதோடு சரி. எந்த இடத்தில், எவ்வளவு, ஏன் என்று சொல்லவில்லை. 2014 ஜனவரியில் படுகையின் 71 சதவீதத்தைத் திறந்துவிடும் தன் சொந்தத் திட்டத்தைக் கொண்டுவந்து வைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. எழுபதுகளில் மெக்கன்சி பள்ளத்தாக்கு எரிவாயுக் குழாய்த் திட்டம் பற்றிய விசாரணையை நடத்திய தாமஸ் பெர்கர், எண்பது வயதைத் தாண்டிய நிலையில் முதற்குடிகளுக்காக வாதாடினார். 2017 டிசம்பர் 1 அன்று நீதிமன்றம் அரசின் திட்டத்தை ரத்து செய்தது. ஆணையத்தின் முன்னால் தெளிவாக வைக்காத ஆசையைக் கடைசியில் 'திருத்தம்' என்ற பெயரில் நுழைக்க முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

முதற்குடிகள் 1993இல் கனடா, யூகான் அரசுகளோடு செய்த நில உடன்படிக்கையில் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று எங்கள் ஆட்களில் பலருக்குத் தெரியாது. அவர்களுக்கென்று ஒதுக்கியது பதினான்கு முதற்குடிகளுக்கும் சேர்த்து 41,595 சதுர கிலோமீட்டர்தான், அதாவது யூகானில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. உடன்படிக்கையை ஏற்றவர்கள் மற்ற நிலத்தின் மேலிருந்த உரிமைக்கோரிக்கையைக் கைவிட்டார்கள். அதற்கு ஈடாக அந்த நிலத்தின் எதிர்காலத்தை முடிவு செய்வதில் தங்களுக்கும் இடம் வேண்டும் என்றார்கள், நீங்களும் எழுதிக் கொடுத்தீர்கள். திட்டமிடல் என்பது அந்தக் கொடுக்கல் வாங்கலில் உங்கள் பக்கத்துப் பாக்கி.

இப்போது நான் சொல்ல வந்தது. பீலில் ஆணையம் பேசிக்கொண்டிருந்த காலத்திலேயே, 2010இல் புதுப் பதிவை நிறுத்தி வைக்கும்வரை, ஆயிரக்கணக்கான சுரங்க உரிமைகள் பதிவாகின. முளைக்குச்சி அடித்துப் பதிந்தால் கனிமம் உனக்கு என்பது தங்க வேட்டைக் காலத்து வழக்கம். ஒரு பக்கம் நிலத்தை என்ன செய்யலாம் என்று ஊரைக் கூட்டிக் கேட்கிறீர்கள், இன்னொரு பக்கம் அதே நிலத்தில் குச்சி அடிக்க விடுகிறீர்கள். பிறகு பாதுகாக்கலாம் என்று பேச்சு வரும்போது, ஏற்கெனவே உரிமை வாங்கியவருக்கு நஷ்ட ஈடு யார் தருவது என்ற கேள்வி வந்து நிற்கிறது. 2019 திட்டமும் அந்தப் பழைய உரிமைகளை ரத்து செய்யவில்லை.

சுரங்கம் வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன, அவர்கள் எனக்கு எதிரிகள் இல்லை. ஸ்நேக் ஆற்றுப் பக்கம் கிடக்கும் இரும்புத்தாது கண்டத்திலேயே பெரியவற்றில் ஒன்று என்பதும் தெரியும். ஆனால் அதை வெளியே கொண்டுவரச் சாலை வேண்டும். வருடம் முழுக்க உறைந்தே கிடக்கும் அந்த மண் மேல் ஒரு தடம் போட்டால் அது பல பத்தாண்டுகள் ஆனாலும் மறையாது. சாலை வந்தால் வேட்டை வண்டிகள் வரும், காரிபூ மான் மந்தை ஒதுங்கும். 2024 ஜூனில் மேயோவுக்கு வடக்கே ஈகிள் கோல்ட் சுரங்கத்தில் சயனைடு கலந்த தாதுக் குவியல் சரிந்ததைப் பார்த்தோம். அதுவும் பீல் திட்டத்தில் கையெழுத்திட்ட முதற்குடிகளில் ஒன்றான நாச்சோ ந்யாக் டுன் மக்களின் மண்தான். அங்கே சாலை இருந்தது, மின்சாரம் இருந்தது, ஆட்கள் உடனே போக முடிந்தது. விண்ட் ஆற்றின் தலைமாட்டில் அப்படி ஒன்று நடந்தால் யார், எதில் ஏறிப் போவார்கள்?

யூகானில் திட்டம் முடியாத வட்டாரங்கள் இன்னும் பல இருக்கின்றன. ஒரு வட்டாரத்துக்கு ஆணையம் அமைக்கும் அன்றே அங்கே புது உரிமைப் பதிவை நிறுத்துங்கள், திட்டம் கையெழுத்தாகும்வரை. உங்களுக்கு எங்கே சாலை வேண்டும், எங்கே சுரங்கம் வேண்டும் என்பதை ஆணையத்திடம் முதல் வருடமே வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டுங்கள், எல்லோரும் பார்க்கட்டும், சண்டை வந்தால் அப்போதே வரட்டும். பீலில் பாதுகாப்புக்குள் மாட்டிக்கொண்ட பழைய உரிமைகளைக் காலாவதியாக விடவோ விலை கொடுத்துத் திரும்ப வாங்கவோ ஒரு காலக்கெடு சொல்லுங்கள். பீலில் நிரந்தரமாக இல்லாமல் மறுஆய்வுக்கு உட்பட்டுப் பாதுகாத்த அந்த 25 சதவீதத்தை மறுஆய்வு செய்யும் நாள் வரும்போது முதல் கூட்டத்தை உங்கள் தலைநகர் ஒயிட்ஹார்ஸில் வைக்க வேண்டாம். ஃபோர்ட் மெக்ஃபெர்சனில் வையுங்கள்.

இப்படிக்கு,
டொராண்டோவிலிருந்து ஒரு கனடியத் தமிழன்