நாலடிப் பலகையில் தூத்துக்குடிப் பழைய துறைமுகம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாதிரி ரயில் அமைப்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த குறிப்பு, தொடங்குவதற்கே எட்டடிக்கு நாலடிப் பலகை வேண்டும் என்கிறது. வட்டப்பாதை போடுவதானால் அது நியாயம்தான். ஹெச்ஓ அளவில், அதாவது 1:87-இல், கடைகளில் கிடைக்கும் மிகச் சிறிய வளைவுக்கே ஆரம் சுமார் 37 செ.மீ. வரும், பாதை திரும்புவதற்கே இரண்டரை அடிக்கு மேல் அகலம் போய்விடும். ஆனால் துறைமுகத்தில் எந்த ரயிலும் சுற்றி வருவதில்லை. வேகன்களைப் பிரிப்பதும் சேர்ப்பதும்தான் அங்கே முழுநேர வேலை. அதற்கு 110 செ.மீ. நீளமும் 35 செ.மீ. அகலமும் போதும். இடமில்லை என்று யாரும் இந்தக் கலையைக் கைவிட வேண்டாம் என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறோம்.

துறைமுகம் என்றதும் பலர் முதலில் கப்பலைத்தான் வாங்குகிறார்கள். கணக்குப் போட்டால் இடிக்கும். 120 மீட்டர் சரக்குக் கப்பல் 1:87-இல் 138 செ.மீ.; பலகையைவிட நீளம். அதைக் குறுக்கிச் செய்தால் பக்கத்தில் நிற்கும் வேகன் காட்டிக் கொடுத்துவிடும். தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தில் இந்தச் சிக்கலே எழாது. கரையோரம் ஆழம் இல்லாததால் பெரிய கப்பல்கள் சில மைல் தள்ளி நங்கூரமிட்டு நின்றன. ஆட்களையும் சரக்கையும் தோணிகளும் நீராவிப் படகுகளும் கரைசேர்த்தன. 1876-இல் மீட்டர் கேஜ் ரயில், அதாவது தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர் உள்ள ரயில், ஊருக்கு வந்தது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி வழி வரும்வரை கொழும்புப் பயணிகள் தூத்துக்குடி வரை ரயிலில் வந்து இங்கேதான் கடலேறினார்கள். 1906-இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கம்பெனியின் காலியா, லாவோ கப்பல்களும் இந்தத் துறைக்கு வந்தவையே. ஆக, துறையோரம் 25 மீட்டர் தோணி ஒன்றை நிறுத்தினால் போதும். மாதிரியில் அது 29 செ.மீ.; எதையும் குறுக்கத் தேவையில்லை.

மீட்டர் கேஜை 87-ஆல் வகுத்தால் 11.5 மி.மீ. வரும். அதற்கு 12 மி.மீ. பாதை பொருந்தும். இதற்கென்றே விற்கும் ஹெச்ஓஎம் பாதை விலை அதிகம். 1:120 டிடி அளவுக்கான பாதையும் 12 மி.மீ.தான், விலை குறைவு. தண்டவாளத்தைத் தாங்கும் ஸ்லீப்பர் கட்டைகள் சிறிதாகவும் நெருக்கமாகவும் இருப்பதுதான் அதன் குறை. துறைமுகத்தில் பாதை தளத்துக்குள் புதைந்து கிடப்பதால் ஸ்லீப்பரே தெரியாது. வேகன்களைப் பிரித்துச் சேர்க்கும் டிடி ஷன்டிங் எஞ்சினின் அடிச்சட்டத்தை எடுத்து, மேலே பிளாஸ்டிக் தகட்டில் 1:87 உடலைக் கட்டிக்கொள்ளலாம். பாதையும் சக்கரமும் ஒரே தரத்தில் இருக்கட்டும். பழைய மாடல் சக்கரங்களின் விளிம்பு ஆழமானது. தாழ்ந்த தண்டவாளத்தில் ஸ்லீப்பர்ப் பிடிகளில் தட்டித் தட்டி ஓடும்.

பாதை அமைப்புக்கு இங்கிலாந்தின் ஆலன் ரைட் வகுத்த இங்கில்நுக் முறையை மிஞ்சியது இல்லை. இரண்டு பாயிண்ட் (பாதை பிரியும் இடம்), மூன்று கிளைப்பாதை, எட்டு வேகன். நீளக் கிளையில் ஐந்து வேகன், மற்ற இரண்டில் மும்மூன்று, எஞ்சின் முன்பின் போகும் பாதையில் எஞ்சினும் மூன்று வேகனும் நிற்கலாம். எட்டு வேகனுக்கும் எண்ணிட்டு, சீட்டுக் குலுக்கி ஐந்தை எடுத்து, வந்த வரிசையிலேயே கோக்க வேண்டும். வரிசைகள் 6,720, அலுக்காது. இணைப்பியோடு வேகன் 8 செ.மீ., எஞ்சின் 12, பாயிண்ட் 17 என்று வைத்தால், முன்பின் பாதைக்கு 38, முதல் பாயிண்டுக்கு 17, உரசாமலிருக்க 4, நீளக் கிளைக்கு 40 என 99 செ.மீ. ஆகிறது. மிச்சம் பாதைமுனை முட்டுக்கட்டைகளுக்கு. பாயிண்ட் வாங்கி, அளந்து, பிறகு பலகையை அறுங்கள். முன்பின் பாதை எஞ்சினும் மூன்று வேகனும் பிடிக்கும் 36 செ.மீ.க்குக் கீழே போனால் மூன்றாவது வேகன் பாயிண்டின் மேல் நின்றுகொள்ளும், ஆட்டமே நடக்காது.

பலகைக்கு எம்டிஎஃப் (அழுத்திய மரநார்ப் பலகை) வேண்டவே வேண்டாம். கடற்கரை ஊர்களின் ஈரத்தில் ஊதிவிடும். ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் வாங்குங்கள். அடித்தளம் 9 மி.மீ.; அதன்கீழ் 12 மி.மீ. பிளைவுட்டில் 75 மி.மீ. உயரச் சட்டம், 30 செ.மீ.க்கு ஒரு குறுக்குக்கட்டை. வார்னிஷை மேலும் கீழும் பூச வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் மறுபக்கம் ஈரம் குடித்துப் பலகை வளையும்.

அந்த 9 மி.மீ. அடித்தளத்தின் மேற்பரப்புதான் கடல். அதன்மேல் பின்பக்கம் 21 செ.மீ. அகலத்துக்கு 18 மி.மீ. பிளைவுட்டை ஒட்டினால் அது கரை. முன்னால் மிஞ்சும் 14 செ.மீ. நீர். ஸ்லீப்பரும் தண்டவாளமும் சேர்ந்தால் துறைத் தளம் நீரிலிருந்து ஏறக்குறைய 22 மி.மீ. உயரும். அசலில் இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. படகுத்துறைக்குச் சரியான உயரம். இங்கிலாந்திலிருந்து வரும் துறைச்சுவர் மாதிரிகளை அப்படியே ஒட்டுவதுதான் நாங்கள் அடிக்கடி பார்க்கும் பிழை. அந்நாட்டுத் துறைகள் பலவற்றில் ஓதம் பல மீட்டர் ஏறி இறங்கும், அதனால் சுவரும் உயரம், பாசிக்கறையும் உயரம். தூத்துக்குடியில் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள் அடங்கும். கறைப் பட்டை ஒரு செ.மீ.க்கு மேல் போனால் அது வேறு ஊர்க் கடல்.

பாதையைத் தளத்தில் புதைப்பதுதான் இந்த வேலையிலேயே கடினம். புதைத்தபின் பழுது பார்க்க உடைக்க வேண்டியிருக்கும். ஆகவே ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தனித்தனி மின்கம்பி சால்டர் வையுங்கள். இணைப்புத் தகட்டை நம்பினால் ஆறு மாதத்தில் உப்புக்காற்று அதற்குள் புகுந்துவிடும். தண்டவாளம் நிக்கல் சில்வராக இருக்கட்டும். இரும்பு துருப்பிடிக்கும், பித்தளை கறுக்கும். சிறு எஞ்சின், பாயிண்டில் தண்டவாளங்கள் குறுக்கிடும் நடுமுனையில் மின்சாரமின்றி நின்றுவிடும் என்பதால், திசைக்கேற்ப அந்த முனைக்கும் மின்சாரம் மாற வேண்டும். பாயிண்டை நகர்த்தும் கம்பியை ஆறு கால் ஸ்லைடு சுவிட்சில் பூட்டினால் இரண்டு வேலையும் ஒரே தள்ளலில் முடியும். சென்னை ரிச்சி தெருவில் இந்தச் சுவிட்சு சில்லறைக்கே கிடைக்கும். இணைப்பியைப் பிரிக்கும் காந்தத்தையும் இப்போதே ஸ்லீப்பருக்கு அடியில் வைத்துவிடுங்கள். ஒரு வாரம் தினமும் மிக மெதுவாக ஓட்டிப் பார்த்து, ஓரிடத்திலும் தயங்கவில்லை என்றால்தான் தளம் போடலாம்.

தண்டவாளத்தின் வெளிப்பக்கம் 3 மி.மீ. சன்போர்டை (நுரை பிளாஸ்டிக் அட்டை) அடுக்கி, மேலே சுவர்ப் பட்டியை மெல்ல இழுத்து, தண்டவாளத் தலைக்குச் சமமாக நிறுத்துங்கள். உள்பக்கத்துக்குப் பட்டி ஆகாது. சக்கர வழியை அடைத்துவிடும். அங்கே பிளாஸ்டிக் தகட்டை அளவாக வெட்டி, இருபுறமும் ஒன்றரை மி.மீ. இடைவெளி விட்டு ஒட்ட வேண்டும். அது தண்டவாளத் தலையைவிட அரை மி.மீ. தாழ்ந்திருக்கட்டும். சமமாக வைத்தால் துடைக்கும் துணி தளத்தின்மேல் போய்விடும், தண்டவாளத்தில் அழுக்கு தங்கும். இணைப்பியின் கம்பிகளும் தட்டும். பாயிண்டின் அசையும் நாக்கைச் சுற்றி எதுவும் போட வேண்டாம். துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நல்லது. உப்புத்தாள் தேய்த்தால் கீறல் விழும், கீறலில் மறுபடி அழுக்கு சேரும்.

நீருக்கு எப்பாக்ஸி ரெசின் ஊற்றும் ஆசையை விட்டுவிடுங்கள். மழைக்கால ஈரத்தில் அது வெண்புகை படிந்து இறுகும்; கனமாக ஊற்றினால் சூடேறும்; சுவரோரம் தானாக மேலேறும்; ஊசித்துளை இருந்தாலும் கீழே வடியும். துறைமுக நீரில் அடி தெரியாது என்பதால் தெளிந்த ரெசினுக்கு வேலையும் இல்லை. பிளைவுட்டுக்கு இரண்டு பூச்சு பிரைமர், நடுவே நன்றாகத் தேய்ப்பு. கரும்பச்சையோடு கொஞ்சம் பழுப்பு கலந்து பூசி, சுவரோரம் இன்னும் கறுப்பாக்குங்கள். பளபளப்பான அக்ரிலிக் ஜெல்லைத் தட்டையான தூரிகையால் குத்திக் குத்தி ஒன்றரை மி.மீ. அலை எழுப்பி, இரண்டு பூச்சு அக்ரிலிக் வார்னிஷ் அடித்தால் முடிந்தது. ஃபெவிகாலை அலைக்குப் பயன்படுத்தினால் ஈரநாளில் பால்போல் வெளுக்கும்.

தோணியைப் பால்சா மரத்தில் நீர்மட்டத்துக்கு மேலுள்ள பகுதி மட்டும் செய்யுங்கள். அடியில் பாலிதீன் சுற்றி ஜெல் ஈரமாக இருக்கும்போதே அழுத்தி, காய்ந்ததும் எடுத்தால் குழி கச்சிதமாக அமையும். சரக்கேற்றிய தோணி தாழ்ந்து மிதக்க வேண்டும். வெறுந்தோணியை உயரமாக வையுங்கள். கட்டும் கயிற்றுக்கு நூலில் தேன்மெழுகு தேய்த்தால் பஞ்சு எழும்பாது. கிட்டங்கிகளுக்கு (சரக்குக் கிடங்குகளுக்கு) 5 செ.மீ. ஆழ முகப்புச் சுவர் போதும்.

உப்புக் குவியல் இல்லாமல் தூத்துக்குடி இல்லை. ஆனால் நிஜ உப்பு ஒரு சிட்டிகைகூட வேண்டாம்; காற்றின் ஈரத்தை இழுத்து நீராகித் தண்டவாளத்தை அரிக்கும். தெர்மோகோலில் குவியல் செதுக்கி, நீர்த்த பசை தடவி, கோலம் போடும் கல்மாவைச் சலித்துத் தூவினால் உப்பளத்து வெண்மை அப்படியே வரும். சாக்கு மூட்டைகளுக்குக் காற்றில் உலரும் களிமண். ஒன்று 11-க்கு 7 மி.மீ.

வேகன் தடம் புரண்டால் முதலில் எடையைப் பாருங்கள். 8 செ.மீ. வேகனுக்கு 40 முதல் 50 கிராம் வேண்டும்; தூண்டில் ஈயக்குண்டை உள்ளே ஒட்டலாம். அதன்பின்னும் ஒரே இடத்தில் புரண்டால் குற்றம் பாதையில்; ஒரே வேகன் எங்கும் புரண்டால் அதன் சக்கர இடைவெளியில்.

இணைப்பில் இடமிருந்தால் மேற்சொன்ன அளவுகளோடு ஒரு வரைபடமும் வெளியிடுங்கள். வரைந்து அனுப்பத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
மாதிரி ரயில் செய்யும் வாசகர்கள்,
தூத்துக்குடி