அய்தின் பேயும் அய்தின் ஐயாவும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். துருக்கி இயக்குநர் நூரி பில்கே ஜெய்லானின் 'குளிர்கால உறக்கம்' (2014) படத்தில் 196 நிமிடமும் பேச்சுதான், அதிலும் எல்லாரும் ஒரே மாதிரிப் பேசுகிறார்கள் என்று உங்கள் விமர்சகர் சலித்துக்கொண்டிருந்தார். பேச்சு அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் எல்லாரும் ஒரே மாதிரிப் பேசுவதாகத் தோன்றினால் முதலில் கீழே ஓடிய தமிழ் சப்டைட்டிலைத்தான் சந்தேகிக்க வேண்டும். விமர்சனத்தில் ஹோட்டல் முதலாளியை 'அய்தின் பேய்' என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறார். துருக்கி மொழி தெரிந்த யாரும் அப்படி எழுதியிருக்கமாட்டார்கள். 'பெய்' என்பது ஆண்களின் பெயருக்குப் பின்னால் வரும் மரியாதைச் சொல். ஆங்கில எழுத்தைப் பார்த்து ஒலிபெயர்த்ததில் ஐயா பேயாகிவிட்டார்.

துருக்கியில் நம் நீ, நீங்கள் போலவே 'சென்', 'சிஸ்' என இரண்டு உண்டு. ஆங்கில சப்டைட்டிலைப் பார்த்துத் தமிழாக்கும்போது சிக்கல் இதுதான்: ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். அய்தினுக்குச் சொந்தமான வீட்டில் குடியிருந்து வாடகை பாக்கி வைத்திருக்கும் இமாம் ஹம்தி, சேறு படிந்த காலோடு நடந்தே வந்து அய்தினிடம் பேசும்போது வாய்க்கு வாய் 'சிஸ்'. அந்தக் குழைவு சப்டைட்டிலில் வராவிட்டால், அய்தின் சென்ற காரின் மீது கல்லெறிந்த சிறுவன் இல்யாஸை அவர் மன்னிப்புக் கேட்க அழைத்து வருவதும், அய்தின் தன் கையை முத்தமிட நீட்டும்போது பையன் மயங்கி விழுவதும் பாதிதான் புரியும். கணவன் மனைவி சண்டையில் சிக்கல் நேர்மாறானது. நிஹாலும் அய்தினும் ஒருவருக்கொருவர் 'சென்'தான். தமிழில் மனைவி என்றதும் கை தானாக 'நீங்கள்' என்று எழுதிவிடுகிறது. சரிக்குச் சரியாக நின்று சண்டை போடுகிறவள் அந்த ஒரு சொல்லில் பணிந்துபோகிறாள். இங்கே இருவருக்கும் 'நீ' போடுவதே சரி என்பேன்.

இன்னொன்று, 'ஆம்' விகுதி. 'கெல்தி' என்றால் வந்தான். 'கெல்மிஷ்' என்றால், சொல்பவர் தான் நேரில் பார்க்காததைச் சொல்கிறார். பல இடங்களில் நம் 'வந்தானாம்'. ஆங்கிலத்தில் இதற்கு விகுதியே கிடையாது. அடுத்தவரின் யோக்கியதையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் குடும்பத்தின் பேச்சிலிருந்து இந்த 'ஆம்' போய்விட்டால் குத்தல் எங்கே மிஞ்சும்? மொழிபெயர்ப்பாளர் மாட்டிக்கொள்ளும் இடமும் உண்டு. துருக்கியில் அவன், அவள், அவர் எல்லாம் ஒரே சொல், வெறும் 'ஓ'. அய்தினின் விவாகரத்தான தங்கை நெஜ்லா தன் முன்னாள் கணவனைப் பற்றிப் பேசும்போது, அவனா அவரா என்று மொழிபெயர்ப்பாளர்தான் முகத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

படத்தின் நடுநாயகம், படிப்பறையில் அண்ணன் தங்கை போடும் சண்டை. அய்தின் மேசையில் எழுதிக்கொண்டிருக்க, அவன் முதுகுக்குப் பின்னால் சோபாவில் சாய்ந்தபடி நெஜ்லா அடுக்கிக்கொண்டே போகிறாள். துருக்கி வாக்கியமும் தமிழ் வாக்கியமும் வினையில் முடிபவை. கொட்டு கடைசியில்தான் விழும். ஆங்கிலத்தில் வினை முன்னாலேயே வந்துவிடுவதால், இரண்டு அட்டைகளாக, அதாவது திரையில் அடுத்தடுத்துத் தோன்றும் இரண்டு சப்டைட்டில்களாகப் பிரியும் வாக்கியத்தில் கொட்டு முதல் அட்டையிலேயே போய்விடுகிறது. அந்த வரிசையையும், அட்டை தோன்றி மறையும் நேரக் குறியீட்டையும் மாற்றாமல் தமிழாக்கினால், நடிகை சொல்லி முடிக்குமுன் பார்ப்பவர் படித்து முடித்திருப்பார். அய்தினின் முகம் மாறும்போது திரையில் ஒன்றும் இருக்காது. வினையை இரண்டாம் அட்டைக்குத் தள்ளி, நேரத்தை ஒலியோடு ஒட்டித் திருத்தினால் போதும்.

எழுத்துக் கணக்கிலும் ஒரு கோளாறு. வரிக்கு 42 குறி என்பது ஆங்கிலத்தில் பரவலாகக் கடைப்பிடிக்கும் அளவு. கணினி எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகள். 'சொல்லிக்கொண்டிருக்கிறாய்' நம் கண்ணுக்கு 12 எழுத்து. இப்படி எண்ணும் மென்பொருளுக்கு 24. சிவப்பு எச்சரிக்கை வந்ததும் மொழிபெயர்ப்பாளர் பொருளை வெட்டுகிறார். வெட்ட வேண்டியது பொருளை அல்ல. 'சொல்கிறாய்' என்றாலே 5 எழுத்தில் முடிந்துவிடும். வினையே ஆளைக் காட்டுவதால் 'நான்', 'நீ' பெரும்பாலும் தேவைப்படாது, துருக்கியிலும் அப்படித்தான்.

தலைப்பில் மட்டும் தமிழுக்கு அதிர்ஷ்டம். 'கிஷ் உய்குசு' என்பது விலங்குகளின் குளிர்கால உறக்கத்துக்கு அங்கே வழங்கும் சாதாரணச் சொல், நம் உயிரியல் பாடநூலில் உள்ளது போலவே.

கடைசியாக, முடிவுக் காட்சி. அய்தின் திரும்பி வந்து மாடி ஜன்னலில் நிற்கும் நிஹாலைப் பார்க்கிறான். அப்போது கேட்பது அவன் மனக்குரல், உதடு அசையவில்லை. ஆங்கிலத்தில் இதைச் சாய்வெழுத்தில் காட்டுவார்கள். தமிழ் எழுத்துருவில் சாய்வு சரியாகத் தெரியாது என்று அதைச் சாதாரண வசனமாகவே விட்டுவிடுகிறார்கள். ஒற்றை மேற்கோளுக்குள்ளாவது போட வேண்டும். உங்கள் விமர்சகர் 'அய்தின் மனைவியிடம் மன்னிப்புக் கேட்கிறான்' என்று எழுதியிருக்கிறார். அவளிடம் அவன் எதையும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
சப்டைட்டில் பணியில் இருக்கும் ஒரு வாசகர்