முக்குளிப்போருக்கு இடங்காட்டும் கருவி கட்டாயமா? நண்பனுக்கு ஒரு கடிதம்

ஏற்காடு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தூத்துக்குடியில் நீயும் வீட்டாரும் நலம் என்று அறிந்து மகிழ்ந்தேன். இங்கும் அனைவரும் நலமே. என் மகள் அடுத்த மாதம் அந்தமானின் சுவராஜ் தீவுக்கு, காற்று உருளையோடு கடலில் மூழ்கும் ஸ்கூபா பயிற்சிக்குப் போகிறாள் என்று எழுதியிருந்தேன் அல்லவா? அதற்கு மறுமொழியாக, முக்குளிக்கும் ஒவ்வொருவரும், தாம் இருக்கும் இடத்தை மற்றவர்களுக்கு அறிவிக்கும் இடங்காட்டும் கருவி வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் போடுவது வீண் கெடுபிடி என்று எழுதியிருக்கிறாய். நீ கடலோரத்தில் வாழ்பவன். உன் சொல்லுக்கு எடை உண்டு. ஆயினும் இந்த ஒன்றில் என்னால் உன்னோடு ஒத்துப்போக முடியவில்லை.

முதலில் அந்தக் கருவியால் என்ன முடியும், என்ன முடியாது என்பதைப் பார்ப்போம். இக்கருவிகள் பயன்படுத்தும் ரேடியோ அலைகள் கடல்நீரை ஊடுருவிச் செல்வதில்லை என்பதால், இருபது மீட்டர் ஆழத்தில் இருப்பவர் எங்கே இருக்கிறார் என்பதை எந்த ஜிபிஎஸ் கருவியாலும் மேலே சொல்ல முடியாது. மூச்சுக் காற்று தீர்ந்துபோனவரையோ, கீழே வலையில் சிக்கியவரையோ அது காப்பாற்றாது. அவர் பத்திரமாக மேலே வந்து, சுற்றிலும் பார்த்து, படகைக் காணாமல் திகைக்கும் அந்த நேரத்துக்கு மட்டுமே அது உதவும். பயன் அவ்வளவுதானே என்று நீ கேட்கலாம். ஆனால் உயிரோடும் உடல்நலத்தோடும் மேலே வந்த மனிதர்கள், யாரும் பார்க்கவில்லை என்ற ஒரே காரணத்தால் இறப்பதுதான் என்னை உறுத்துகிறது.

2022 ஏப்ரலில் மலேசியாவின் மெர்சிங் கடற்பகுதியில் பயிற்சிக்காக இறங்கிய நால்வர் மேலே வந்தபோது படகு கண்ணில் படவில்லை. பயிற்றுநர் மறுநாள் மீட்கப்பட்டார். மற்ற இருவரை மீனவர்கள் ஏறத்தாழ இரண்டரை நாட்களுக்குப் பின்னர், மிகத் தொலைவில் கண்டெடுத்தார்கள். அவர்களில் ஒருவரான தந்தையின் 14 வயது மகன் திரும்பவே இல்லை. விமானங்களும் கப்பல்களும் தேடிக்கொண்டிருந்தபோதே இது நடந்தது. ஏன் கண்ணில் படவில்லை என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாட் வேக நீரோட்டம் மனிதரை மணிக்கு 1.85 கிலோமீட்டர் இழுத்துச் செல்லும். எந்தத் திசையில் என்று தெரியாவிட்டால், ஒரு மணி நேரத்துக்குப் பின் தேட வேண்டிய பரப்பு சுமார் 11 சதுர கிலோமீட்டர். மூன்று மணி நேரத்துக்குப் பின் அதுவே 97 சதுர கிலோமீட்டர். அலைகளுக்கிடையே தலை மட்டும் தெரியும் ஒருவரை அந்தப் பரப்பில் எப்படிக் கண்டுபிடிப்பது? விசிலும் கண்ணாடியும் ஆரஞ்சு நிற மிதவையும் அவசியமானவையே. ஆனால் கேட்கவும் பார்க்கவும் அருகில் ஒருவர் இருந்தால்தான் அவற்றுக்குப் பயன்.

படகில் தலைகளை ஒழுங்காக எண்ணினாலே போதும் என்கிறாய். எண்ணத்தான் வேண்டும். ஆனால் 1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் ஒரு தம்பதியை விட்டுவிட்டுப் படகு கரை திரும்பியது. அவர்கள் இல்லை என்பதே இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. 2004இல் கலிபோர்னியாவில் பனிமூட்டத்தில் தனித்துவிடப்பட்ட ஒருவரின் பெயருக்கு நேரே, அடுத்த இடத்திலும் அவர் இறங்கியதாகவே குறித்திருந்தார்கள். அவ்வழியே வந்த பாய்மரக் கப்பலில் இருந்த சாரணச் சிறுவர்கள் கண்ணில் பட்டதால் அவர் பிழைத்தார். எண்ணுபவரும் மனிதர்தான், அவருக்கும் அயர்வு உண்டு.

உங்கள் ஊர்ச் சங்கு குளிப்போர் எந்தக் கருவியும் இல்லாமல் தலைமுறைகளாக மூழ்கி வந்திருக்கிறார்களே என்பது உன் வாதங்களில் வலுவானது. ஆனால் அக்காலத்தில் முத்துக் குளித்தவர் கயிற்றோடு இறங்கினார். அந்தக் கயிற்றைப் பிடிக்கத் தன் மைத்துனரைத்தான் நம்புவார் என்று நீயே கல்லூரி நாட்களில் எனக்குச் சொல்லியிருக்கிறாய். தங்கை வாழ்வு போய்விடுமே என்பதால் அவர் பிடி விடமாட்டார் என்பது கணக்கு. மேலே இருப்பவரின் பொறுப்பு அவ்வளவு கறாராக வரையறுக்கப்பட்டிருந்தது. காசு கொடுத்து முன்பின் அறியாதவர் படகில் ஏறி, கயிறில்லாமல் இறங்கும் இன்றைய சுற்றுலாப் பயணிக்கு அந்தப் பிடியை எது தருகிறது?

இக்கருவி நம்மை எப்போதும் கண்காணிக்கும் என்ற அச்சத்துக்கு அதிகம் எழுதத் தேவையில்லை. நான் சொல்லும் கருவி அதை அணிந்திருப்பவர் திறந்து இயக்கும்வரை ஊமையாகவே இருக்கும்.

சட்டம் யார்மீது என்பதில்தான் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கடமை படகை நடத்துபவருடையதாக இருக்க வேண்டும், முக்குளிப்பவருடையதாக அன்று. காற்று உருளையை வாடகைக்குக் கொடுப்பவர் இதையும் சேர்த்தே கொடுக்கட்டும். இன்னொன்றையும் கவனி. இக்கருவிகளில் ஒரு வகை, கப்பல்கள் தம் இருப்பிடத்தை ஒன்றுக்கொன்று தானாகவே அறிவிக்கும் ஏஐஎஸ் முறையின் அலைவரிசையில் பக்கத்துக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்புகிறது. பன்னாட்டுக் கடற்பயணத்தில் 300 மொத்த டன் கொள்ளளவும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களில் ஏஐஎஸ் கட்டாயம். சிறு சுற்றுலாப் படகுகளில் அது இருக்கும் என்று நம்ப முடியாது. கூப்பிடும் கருவியை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, கேட்கும் கருவியைப் படகில் வைக்காவிட்டால் அந்தச் சட்டம் வெறும் காகிதம். மற்றொரு வகை, 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்கே குரல் கொடுப்பது. 1982இல் முதல் செயற்கைக்கோள் ஏவப்பட்ட, ஆபத்து அழைப்புகளைக் கண்டறியும் பன்னாட்டு அமைப்பான காஸ்பாஸ்-சார்சாட் அதைக் கேட்கிறது. நம் நாட்டுக்கான மையம் பெங்களூருவில் இஸ்ரோவின் பொறுப்பில் உள்ளது. ஆனால் அவற்றில் பல மாலுமிகளுக்காகச் செய்யப்பட்டவை, ஆழத்தின் அழுத்தத்தைத் தாங்கா. அதற்கென்ற நீர்புகாப் பெட்டி வேண்டும். இந்த நுணுக்கங்கள் எல்லாம் விதியில் எழுதப்பட வேண்டும்.

எல்லா நீருக்கும் ஒரே விதி என்று நான் சொல்லவில்லை. எங்கள் மேட்டூர் நீர்த்தேக்கத்தில் தீயணைப்புத் துறையினர் மூழ்கித் தேடும்போது, கரையும் பரிசல்களும் கண்ணெதிரே இருக்கின்றன. அங்கே இது வீண் செலவு. நீரோட்டமுள்ள திறந்த கடலில், படகிலிருந்து இறங்குபவர்களுக்கு மட்டும் கட்டாயமாக்கினால் போதும்.

கருவியின் விலை பல ஆயிரம் ரூபாய் என்பதை மறுக்கவில்லை. ஆனால் 2017இல் ஒக்கி புயலின்போது ஆழ்கடலில் இருந்த குமரி மீனவர்களுக்குச் செய்தி சொல்ல வழியில்லாமல் போன பிறகுதானே, மீன்பிடிப் படகுகளுக்கு இஸ்ரோ வடிவமைத்த, செயற்கைக்கோள் வழியே செய்தி பரிமாறும் டிரான்ஸ்பாண்டரைப் பொருத்தத் தொடங்கினார்கள்? பிழைப்புக்காகக் கடலுக்குப் போகிறவரின் படகுக்கு அது தேவை என்று ஏற்றுக்கொண்ட நாம், பொழுதுபோக்குக்கு ஆட்களை ஏற்றிச்சென்று பணம் வாங்குகிறவரிடம் அதைக் கேட்கத் தயங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மகளிடம், படகில் ஏறுமுன் இதைக் கேள் என்று சொல்லியிருக்கிறேன். கேட்டால் சிரிப்பார்கள் அப்பா என்கிறாள். ஒருவர் கேட்டால் சிரிப்பார்கள்தான். அதனால்தான் இதை விதியாக்கச் சொல்கிறேன். உனக்கு அங்கே படகு உரிமையாளர்கள் பலர் பழக்கம். படகில் ஏஐஎஸ் செய்தியைக் கேட்கும் கருவியை வைத்து, ஆளுக்கொரு இடங்காட்டும் கருவியும் கொடுக்கச் சொன்னால் அவர்கள் உண்மையில் எதை எதிர்ப்பார்கள், செலவையா, பொறுப்பையா என்று விசாரித்து எழுது. உன் பதில் வந்த பிறகு, சுற்றுலாத் துறைக்கு அனுப்ப நினைத்திருக்கும் மனுவை நாம் இருவரும் சேர்ந்தே எழுதலாம்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்